பாதிக் குணத்தை நம்பாதீர்கள்: வேடம் மாறி வரும் புரூசெல்லா

பத்து நாளாகக் காய்ச்சல். ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் ஐந்து நாளுக்குக் கொடுக்கிறார்கள். மூன்றாம் நாளே சூடு தணிந்து, வியர்வை குறைந்து, நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கிவிடுகிறார். மாத்திரை முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் அதே காய்ச்சல் திரும்பி வருகிறது. இந்தத் தடவை கூடவே இடுப்பு வலியோ, விரை வீக்கமோ, காது மந்தமோ சேர்ந்துகொள்கிறது. இது வேறு நோய் என்று நினைத்து வேறு மருத்துவரிடம் போகிறார்கள். ஆடு மாடுகளிடமிருந்தும் காய்ச்சாத பாலிலிருந்தும் தொற்றும் புரூசெல்லா கிருமியின் நோயான புரூசெல்லோசிஸ் மாதக்கணக்கில் பிடிபடாமல் ஓடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். இந்தக் கிருமியைக் கொஞ்ச நாளைக்கு அடக்கி வைக்கும் மருந்துகள் நிறைய உண்டு. வேரோடு ஒழிக்கும் கூட்டு மருந்துகள் சிலதான். ஆகவே பாதிக் குணம் தெரிந்தவுடன் நிம்மதி அடையாமல், அதையே ஒரு நோய்க்குறியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. கீழே வரும் மருந்து அளவுகள் மருத்துவருக்கானவை. நோயாளிகள் தாங்களாகவே வாங்கிச் சாப்பிட அல்ல.

ஏன் இப்படி ஆகிறது? புரூசெல்லா மிகச் சிறிய கிராம் நெகட்டிவ் கிருமி. உடம்புக்குள் வந்ததும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் அதை விழுங்குகின்றன. விழுங்கப்பட்ட கிருமி சாவதில்லை. அணுவின் செரிமானப் பைகளோடு முழுமையாகக் கலப்பதைத் தவிர்த்து, உள்ளேயே தனக்கென ஓர் அறை அமைத்துக்கொண்டு மெதுவாகப் பெருகுகிறது. அதன் வெளிச்சுவரில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு நம் எதிர்ப்பு மண்டலத்தை உசுப்புவதில் பலவீனமானது. அதனால் ரத்தத்தில் கிருமி இருந்தும் நோயாளி பார்வைக்குச் சுமாராகவே இருப்பார்; வெள்ளணுக்கள் இயல்பாகவோ குறைந்தோ இருக்கும். மேக்ரோஃபேஜ் எங்கெல்லாம் குடியிருக்கிறதோ அங்கெல்லாம், அதாவது எலும்பு மஜ்ஜை, கல்லீரல், மண்ணீரல், நிணநீர்க் கணுக்களில் எல்லாம் கிருமியும் தங்கும். ஆய்வகத் தட்டில் பல மருந்துகள் அதைக் கொல்லும். அணுவுக்குள் புகாத மருந்தோ, புகுந்தும் உள்ளே இருக்கும் அமிலத்தன்மையில் வலுவிழக்கும் மருந்தோ நோயாளியிடம் அதே வேலையைச் செய்வதில்லை. ‘சென்சிட்டிவ்’ (இந்த மருந்துக்குக் கட்டுப்படும்) என்று வந்த அறிக்கையை மட்டும் நம்பிப் பெனிசிலின் வகை மருந்தைக் கொடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

1887-ல் மால்டா தீவில் இறந்த படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து டேவிட் புரூஸ் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். 1905-ல் தெமிஸ்டோகிளீஸ் சாமிட் அது ஆடுகளில் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் இதற்கு ‘அலைக்காய்ச்சல்’ என்று பெயர் வைத்தார்கள். வாரக்கணக்கில் ஏறி இறங்கும் காய்ச்சல் என்று பொருள். இன்று அந்த அலையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் நோயைத் தவறவிடுவோம். இடையிடையே விழும் ஆன்டிபயாடிக்கும் பாராசிட்டமாலும் அந்த வடிவத்தைக் கலைத்துவிடுகின்றன. மாலையில் ஏறும் காய்ச்சல், இரவில் படுக்கை நனையும் வியர்வை, மூட்டு வலி, இடுப்பு வலி, சோர்வு, மனத்தளர்ச்சி, சிலரிடம் லேசாகப் பெருத்த கல்லீரலும் மண்ணீரலும் என்பதுதான் வழக்கமான படம். சிலருக்குக் காய்ச்சலே தெரியாமல் ஓர் உறுப்பின் கோளாறு மட்டும் முன்னால் வந்து நிற்கும். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி கேட்கும் விதத்திலேயே பாதி நோயறிதல் முடிந்துவிடும். ‘ஆடு மாடு வளர்க்கிறீர்களா?’ என்று மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்று பதில் வரும், விஷயம் அதோடு நின்றுவிடும். காய்ச்சாத பால் குடித்தீர்களா, காய்ச்சாத பாலில் செய்த புதுப் பாலாடைக்கட்டி சாப்பிட்டீர்களா, ஆடு மாட்டின் பிரசவத்துக்கு உதவினீர்களா, நஞ்சுக்கொடியையோ கலைந்த கருவையோ கையால் எடுத்தீர்களா, இறைச்சிக்கூடத்தில் வேலையா, விலங்குத் தடுப்பூசி போடும்போது ஊசி கையில் குத்தியதா, ஆய்வகத்தில் வேலையா, வெளிநாடு போனீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கிருமி உள்ளே போனதற்கும் நோய் தெரிவதற்கும் இடையே வழக்கமாக ஒன்றிலிருந்து நான்கு வாரம் ஆகும். பல மாதங்களும் ஆகலாம். எனவே போன வாரத்தைப் பற்றிக் கேட்டால் போதாது, போன ஆறு மாதத்தைப் பற்றிக் கேளுங்கள். அதே பாலைக் குடித்தவர்களில் வேறு யாருக்காவது காய்ச்சல் உண்டா என்பதையும் விடாதீர்கள்.

<b>முதுகெலும்பில் வரும்போது</b>

உறுப்பு சார்ந்த புரூசெல்லோசிஸில் முதலிடம் எலும்புக்கும் மூட்டுக்கும்தான். இளம் வயதினரிடம் சேக்ரோஇலியாக் மூட்டு (முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் இடம்), வயதானவர்களிடம் முதுகெலும்பு என்பது பொதுவான போக்கு. சேக்ரோஇலியாக் அழற்சி ஒரு பக்கமாக, நடக்க முடியாத அளவு வலியோடு வரும். இதை ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பை இறுக்கும் நாள்பட்ட மூட்டு அழற்சி) என்று முடிவு கட்டி ஸ்டீராய்டோ, அழற்சியை அடக்கும் டி.என்.எஃப். எதிர்ப்பு உயிரியல் மருந்தோ தொடங்குவது ஆபத்து. ஸ்டீராய்டு போட்டதும் வலி குறையும், காய்ச்சலும் அடங்கும், கிருமி உள்ளே பரவும். அந்த மூட்டு நோயோடு தொடர்புள்ள மரபு அடையாளமான எச்.எல்.ஏ. பி27 பாசிட்டிவ் என்பதால் புரூசெல்லா இல்லை என்று ஆகிவிடாது. வலி ஒரு பக்கத்தில் மட்டும், தொடக்கம் திடீரென்று, கூடவே காய்ச்சல் என்றால், உயிரியல் மருந்துக்கு முன்னால் புரூசெல்லா சோதனையும் ரத்தக் கல்ச்சரும் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது) போகட்டும்.

முதுகெலும்பில் பெரிய குழப்பம் காசநோயோடுதான். புரூசெல்லா இடுப்புப் பகுதியை, குறிப்பாக எல்4, எல்5 எலும்புகளை விரும்பும். முதலில் அரிப்பது எலும்பின் முன்பக்க மேல் விளிம்பை. எக்ஸ்ரேயில் தெரியும் இந்த அடையாளத்துக்குப் பெட்ரோ பொன்ஸ் அறிகுறி என்று பெயர். அரிப்பும் புது எலும்பு வளர்ச்சியும் ஒன்றாக நடப்பதால் கிளிமூக்கு போன்ற எலும்பு முளைகள் தெரியும். எலும்பின் மொத்த வடிவம் பெரும்பாலும் குலையாது. சீழ்க்கட்டி வந்தாலும் சிறியதாக இருக்கும். காசநோயோ மார்புக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட பகுதியை அதிகம் பிடிக்கும், எலும்பை நொறுக்கும், கூன் விழவைக்கும், பெரிய சீழ்ப்பையைச் சேர்க்கும். இவை போக்குகள் மட்டுமே. படத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதக் கூடாது. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய வாரங்கள் ஆகும் என்பதால், வலி தொடரும்போது இயல்பான எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியை அனுப்பிவிடாதீர்கள், எம்.ஆர்.ஐ. எடுங்கள்.

இந்த இடத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். காசநோயா புரூசெல்லாவா என்று தெரியாத முதுகெலும்புக்கு ரிஃபாம்பிசினும் ஸ்ட்ரெப்டோமைசினும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தொடங்கக் கூடாது. இரண்டுமே காசநோய்க்கும் வேலை செய்யும் மருந்துகள். உண்மையில் காசநோயாக இருந்தால், முழுச் சிகிச்சை இல்லாமல் அரைகுறையாக அடித்து, மருந்துக்கு மசியாத காசக் கிருமியை வளர்த்துவிடுவோம். மாறாக, புரூசெல்லாவுக்கு நான்கு காசநோய் மருந்தைக் கொடுத்தாலும் அதிலுள்ள ரிஃபாம்பிசினால் இரண்டு வாரத்தில் காய்ச்சல் இறங்கும். ‘மருந்துக்குப் பதில் சொல்கிறது, ஆகவே காசநோய்தான்’ என்று கோப்பை மூடிவிடுவார்கள். அப்புறம் ஐந்தாவது மாதம் வலி கூடும்போது மருந்துக்கு மசியாத காசநோய் என்று பெயர் மாறும். இதைத் தவிர்க்க ஒரே வழி, ஊசி வைத்துத் திசு எடுப்பது. எடுத்த திசுவை ஃபார்மலினில் மொத்தமாகப் போட்டுவிட்டால் கல்ச்சர் செய்ய ஒன்றும் மிஞ்சாது. நான்காகப் பிரியுங்கள்: ஒரு பங்கு நோய்க்குறியியலுக்கு ஃபார்மலினில், மீதி மூன்றும் ஃபார்மலின் படாமல் சாதாரணக் கல்ச்சருக்கு, காசநோய்க் கல்ச்சருக்கும் ஜீன் சோதனைக்கும், புரூசெல்லா பி.சி.ஆருக்கு. கால் பலவீனம், சிறுநீர் அடைப்பு, மலக்கட்டுப்பாடு போவது ஆகியவை தெரிந்தால் அன்றே எம்.ஆர்.ஐ., அன்றே அறுவை மருத்துவர். தண்டுவடத்தை அழுத்தும் சீழ் காத்திருக்காது.

<b>நரம்பு மண்டலம்</b>

நூறு நோயாளிகளில் சுமார் ஐந்து பேருக்கு நரம்பு மண்டலம் பாதிக்கிறது. நாள்பட்ட மூளையுறை அழற்சி அதிகம் காணப்படும் வடிவம். அதைத் தாண்டி இது எடுக்கும் வேடங்கள் ஏராளம். கில்லன் பாரே போலக் கால்கள் தளரும் வேர்நரம்பு நோய், தண்டுவட அழற்சி, பக்கவாதம், எம்.ஆர்.ஐ.யில் மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் போலத் தெரியும் வெண்பொருள் புள்ளிகள், பார்வை மங்கலோடு மூளை அழுத்தம் கூடுவது, மனநிலை மாற்றம், குழப்பம் என்று எதுவாகவும் வரலாம். கபால நரம்புகளில் காதுக்குப் போகும் எட்டாவது நரம்பை இது அதிகம் தேடிப் பிடிக்கும். காரணம் தெரியாத காது கேளாமையோடு காய்ச்சலோ தலைவலியோ சேர்ந்திருந்தால் புரூசெல்லா நினைவுக்கு வர வேண்டும். இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு: ஜென்டாமைசினோ ஸ்ட்ரெப்டோமைசினோ தொடங்கும் முன்பே ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். பின்னால் காது மந்தமானால், கெடுத்தது நோயா மருந்தா என்று பிரித்துச் சொல்ல வேறு வழி கிடையாது.

தண்டுவட நீரில் லிம்ஃபோசைட் கூடியிருக்கும், புரதம் கூடியிருக்கும், குளுக்கோஸ் குறைந்தோ இயல்பாகவோ இருக்கும். காசநோயில் உயரும் என்சைமான ஏ.டி.ஏ.வும் உயரலாம். அதாவது காசநோய் மூளையுறை அழற்சியின் அதே முகம். ஏ.டி.ஏ. எண்ணை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. தண்டுவட நீரில் கிருமி வளர்வது அரிது. பெரும்பான்மையான நோயாளிகளில் வளராது. அதனால் அந்த நீரிலேயே புரூசெல்லா எதிர்ப்பொருள் சோதனை கேட்க வேண்டும். எடுக்கும்போதே இரண்டு மில்லி கூடுதலாக எடுத்துக் குளிரில் வைத்துவிட்டால், ரத்தச் சோதனை பாசிட்டிவ் என்று வந்தபிறகு மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை.

<b>இதயம், ரத்தம், மற்ற இடங்கள்</b>

இதய உட்சுவர் அழற்சி (எண்டோகார்டைட்டிஸ்) வருவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். ஆனால் இந்த நோயால் ஏற்படும் மரணங்களில் பெரும்பங்கு அதனால்தான். அயோர்ட்டிக் வால்வுதான் அதிகம் அகப்படும். மெல்லத் தொடங்கி வால்வைக் கிழித்து, பக்கத்துத் திசுவில் சீழ் வைக்கும். வழக்கமான எண்டோகார்டைட்டிஸ் மருந்துகளான பெனிசிலினும் வான்கோமைசினும் இங்கே பயன்படாது. ‘கல்ச்சர் நெகட்டிவ்’ என்று எழுதப்பட்ட எண்டோகார்டைட்டிஸில் புரூசெல்லா சீரம் சோதனை (ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடுவது) கட்டாயம். எதிர்ப்பக்கமும் உண்டு: புரூசெல்லா உறுதியானவரிடம் புது முணுமுணுப்பு ஒலி கேட்டாலோ, இரண்டு வாரச் சிகிச்சைக்குப் பிறகும் காய்ச்சல் நீடித்தாலோ எக்கோ எடுங்கள். மார்பு வழியாக எடுத்தது தெளிவில்லை என்றால் உணவுக்குழாய் வழியாக எடுக்கலாம்.

ரத்தத்தில் வரும் வேடம் இளம் மருத்துவர்களை மிகவும் அலைக்கழிக்கிறது. மூன்று வகை அணுக்களும் குறைந்து, மண்ணீரல் பெருத்து, காய்ச்சலோடு வருபவரைப் பார்த்ததும் லுக்கீமியா என்ற எண்ணம்தான் முதலில் எழும். தட்டணுக்கள் மட்டும் பாதாளத்துக்குப் போய் மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசிந்தால் ஐ.டி.பி. (உடலே தன் தட்டணுக்களை அழிக்கும் நோய்) என்று ஸ்டீராய்டு தொடங்கப்படும். இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் ஆயிரக்கணக்கில் ஏறி, ரத்த அணுக்களை மேக்ரோஃபேஜே விழுங்கும் எச்.எல்.எச். நிலையும் வரும். இந்த மூன்றிலும் எலும்பு மஜ்ஜை எடுப்பார்கள். அப்படி எடுக்கும்போது ஒரு மில்லியைக் கல்ச்சர் பாட்டிலில் விடச் சொல்லுங்கள். ரத்தத்தைவிட மஜ்ஜையில் கிருமி அகப்படும் வாய்ப்பு அதிகம், முன்பே ஆன்டிபயாடிக் சாப்பிட்டவரிடமும்கூட. மஜ்ஜையில் கிரானுலோமா (அழற்சி அணுக்கள் திரண்ட முடிச்சு) தெரிந்தால் உடனே காசநோய் என்று எழுதிவிடாமல் புரூசெல்லாவையும் பட்டியலில் வையுங்கள். உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கில் ஐ.வி.ஐ.ஜி.யோ (ரத்தக்குழாயில் ஏற்றும் எதிர்ப்பொருள் மருந்து) சில நாள் ஸ்டீராய்டோ தேவைப்படலாம். ஆனால் அணுக்களை நிலையாக மீட்டுத் தருவது புரூசெல்லாவுக்கான மருந்துதான்.

ஆண்களில் விரை அழற்சி அடிக்கடி வரும். பெரும்பாலும் ஒரு பக்கம். சிறுநீர்ச் சோதனை பொதுவாகச் சுத்தமாக இருக்கும். எரிச்சலும் அவ்வளவாக இருக்காது. பத்து நாள் லெவோஃபிளாக்சசின் கொடுத்து, கொஞ்சம் குறைந்து, மறுபடி வீங்கும். அல்ட்ராசவுண்டில் கட்டி போலத் தெரிந்து புற்றுநோய்ச் சந்தேகத்தில் விரையையே அகற்றிவிட்டு, பிறகு நோய்க்குறியியல் அறிக்கையில் கிரானுலோமா என்று படிக்க நேர்வது வேதனையானது. ரத்தத்தில் ஒரு சீரம் சோதனை செய்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

கல்லீரலில் என்சைம் லேசாக ஏறுவது சாதாரணம். நடுவில் சுண்ணாம்பு படிந்த நாள்பட்ட சீழ்க்கட்டி வந்தால் அதற்குப் புரூசெல்லோமா என்று பெயர். அதை மருந்தால் மட்டும் கரைப்பது கடினம். வடிக்கவோ வெட்டியெடுக்கவோ வேண்டிவரும். பித்தக்கல் இல்லாத பித்தப்பை அழற்சி, வயிற்று நீரில் தொற்று, நுரையீரல் உறையில் நீர், முழங்காலுக்குக் கீழே சிவந்த கணுக்கள், யுவியைட்டிஸ் எனும் கண் அழற்சி, மார்பகச் சீழ், செயற்கை மூட்டில் தொற்று, பேஸ்மேக்கர் கம்பியில் தொற்று ஆகியவையும் பதிவாகியிருக்கின்றன. செயற்கை மூட்டு தளர்வதற்குக் காரணம் தெரியாவிட்டால் அங்கேயும் அதே பால் கேள்வி. கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் நேரும். முதல் மூன்று மாதங்களிலும் நடு மாதங்களிலும் சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து தொடங்கினால் கரு பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

<b>சோதனைகளில் எங்கே தவறுகிறது</b>

ரத்தக் கல்ச்சரை ஆன்டிபயாடிக்குக்கு முன் எடுங்கள், குறைந்தது இரண்டு செட். தானியங்கி இயந்திரங்களில் பெரும்பாலும் ஏழு நாளுக்குள் சிக்னல் வந்துவிடும். பழைய முறைகளுக்குத்தான் ஆறு வாரம்வரை காத்திருக்க வேண்டும். படிவத்தில் ‘புரூசெல்லா சந்தேகம்’ என்று எழுதாமல் அனுப்புவது ஆய்வகத்தில் இருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம். இந்தக் கிருமி காற்றில் பரவிச் சுவாசத்தின் வழியே தொற்றும். திறந்த மேசையில் தட்டை மோந்து பார்த்தாலோ, சிலைடில் தேய்த்தாலோ போதும். மணல் தூவியது போன்ற மிகச் சிறிய கிராம் நெகட்டிவ் புள்ளிகள், மெதுவான வளர்ச்சி, ஆக்சிடேஸ் பாசிட்டிவ், யூரியேஸ் வேகமாகப் பாசிட்டிவ் என்று கண்டால் உடனே எல்லாவற்றையும் பயோசேஃப்டி கேபினட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். தானியங்கி அடையாளக் கருவிகள் இதை ஆக்ரோபாக்ட்ரம் என்றோ சைக்ரோபாக்டர் என்றோ தவறாகச் சொல்லும். காய்ச்சல்காரரின் ரத்தத்தில் ஆக்ரோபாக்ட்ரம் என்று அறிக்கை வந்தால், ஏதோ அழுக்குக் கிருமி என்று தள்ளிவிடாமல் ஆய்வகத்துக்கு ஒரு ஃபோன் போடுங்கள்.

சீரம் சோதனைகளில் ரோஸ் பெங்கால் வேகமானது, சந்தேகத்துக்குரியவர்களை முதலில் வடிகட்டுவதற்கு நல்லது. சீரத்தைப் படிப்படியாக நீர்த்து, கிருமி திரள்கிறதா என்று பார்க்கும் டியூப் அக்ளூட்டினேஷனில் 1:160-ம் அதற்கு மேலும், பொருத்தமான அறிகுறிகளோடு இருந்தால் நோய் என்று கொள்வது வழக்கம். நோய் பரவலாக உள்ள பகுதிகளில் 1:320 என்று வைப்பதும் உண்டு. இதில் மூன்று குழிகள். முதலாவது புரோசோன்: எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருந்தால் குறைந்த நீர்ப்புகளில் திரளாமல் போய் நெகட்டிவ் என்று காட்டும். 1:1280-க்கும் மேலே நீர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, நாள்பட்ட நோயில் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தால் சாதாரணச் சோதனை நெகட்டிவாகும். கூம்ப்ஸ் முறையோ எலைசாவோ அதை வெளிக்கொண்டுவரும். மூன்றாவது, யெர்சினியா என்டிரோகொலிட்டிகா ஓ9, காலரா கிருமி, துலரீமியா கிருமி போன்றவற்றின் எதிர்ப்பொருளோடு குறுக்கே வினைபுரிந்து பொய்ப் பாசிட்டிவ் வரும். நாயிடமிருந்து வரும் புரூசெல்லா கானிஸ் வழக்கமான ஆன்டிஜன்களில் அகப்படவே அகப்படாது, கல்ச்சர்தான் வழி. நோயின் தொடக்கத்தில் நெகட்டிவ் வந்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள். நான்கு மடங்கு ஏற்றம் நல்ல சான்று.

<b>மருந்து</b>

அடிப்படை விதி: ஒரே மருந்து போதாது, ஆறு வாரத்துக்குக் குறையக் கூடாது. உறுப்பு எதிலும் தங்காத சாதாரண நோய்க்கு, டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு முறை, 42 நாள். கணக்குப் போட்டால் 84 மாத்திரை. அதோடு முதல் இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் தினம் 1 கிராம் தசையில், அல்லது முதல் 7 முதல் 10 நாளுக்கு ஜென்டாமைசின் கிலோவுக்கு 5 மில்லிகிராம் தினம் ஒருமுறை. இந்த ஊசி சேர்ந்த கூட்டுதான் நோய் திரும்புவதை நன்றாகத் தடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1986-ல் டாக்சிசைக்ளினோடு ரிஃபாம்பிசின் 600 முதல் 900 மில்லிகிராம், ஆறு வாரம் என்ற மாத்திரை முறையைப் பரிந்துரைத்தது. ஊசி வேண்டாம் என்பது அதன் வசதி. குறை என்னவென்றால், ரிஃபாம்பிசின் கல்லீரல் என்சைம்களைத் தூண்டி டாக்சிசைக்ளினின் ரத்த அளவைக் குறைக்கிறது. நோய் திரும்புவதும் ஊசி முறையைவிட இதில் அதிகம். சிறுநீரகம் நன்றாக இருந்து, ஊசி போட வசதியும் இருந்தால் என் தேர்வு ஊசி முறைதான். சிறுநீரகம் பழுதடைந்தவர், காது ஏற்கெனவே மந்தமானவர், தினமும் ஊசிக்கு வர முடியாதவர் ஆகியோருக்கு ரிஃபாம்பிசின்.

முதுகெலும்பு என்றால் குறைந்தது 12 வாரம் டாக்சிசைக்ளின், தொடக்கத்தில் அமினோகிளைகோசைடு (ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் வகை ஊசி). தேவைப்பட்டால் ரிஃபாம்பிசினும் கூடவே. நரம்பு மண்டலத்துக்கு அமினோகிளைகோசைடு சரியாக ஊடுருவாது. அங்கே செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, குறைந்தது ஒரு மாதம். அதோடு டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் நான்கு முதல் ஆறு மாதம், தண்டுவட நீர் இயல்பாகும்வரை. தனியாகக் கொடுத்தால் ஏமாற்றும் செஃப்ட்ரியாக்சோன், கூட்டுக்குள் சேரும்போது இங்கே நன்றாக உதவுகிறது. இதயத்துக்கு டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசினோடு முதல் இரண்டு முதல் நான்கு வாரம் அமினோகிளைகோசைடு. மொத்தம் மூன்று முதல் ஆறு மாதம். பெரும்பாலும் வால்வு அறுவையும் வேண்டும். செயற்கை வால்வு வைத்தவர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடும்போது ரிஃபாம்பிசின் சேர்ந்தால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) சரிந்துவிடும், வால்வில் ரத்தம் உறையலாம். வார்ஃபரின் அளவை ஏற்றிச் சமாளித்த பிறகு ரிஃபாம்பிசினை நிறுத்தும் நாளில் அதை மறந்தால், அடுத்த இரண்டு வாரத்தில் ஐ.என்.ஆர். எகிறி ரத்தப்போக்கு வரும். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் வாரத்துக்கு இருமுறை ஐ.என்.ஆர். பாருங்கள்.

எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கோட்ரைமாக்சசோலும் (ட்ரைமெத்தோபிரிம் கணக்கில் கிலோவுக்கு தினம் 10 மில்லிகிராம், இரண்டாகப் பிரித்து) ரிஃபாம்பிசினும் (கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராம்) ஆறு வாரம். கர்ப்பிணிக்கு டாக்சிசைக்ளினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கூடாது. ரிஃபாம்பிசின் அடிப்படை மருந்து, கூடவே கோட்ரைமாக்சசோல். ஆனால் கோட்ரைமாக்சசோலை முதல் மூன்று மாதமும் 36 வாரத்துக்குப் பிறகும் தவிர்ப்பது நல்லது; கொடுக்கும் காலத்தில் ஃபோலிக் அமிலம் சேருங்கள். ரிஃபாம்பிசின் பிரசவம்வரை தொடர்ந்திருந்தால், பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே மறக்கக் கூடாது.

மருந்து தோற்பதாகத் தெரியும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது கிருமியின் எதிர்ப்புச் சக்தியை அல்ல, மருந்து உள்ளே போகும் விதத்தை. டாக்சிசைக்ளினைப் பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரும்பு மாத்திரை, அமிலக் குறைப்பி இவற்றோடு விழுங்கினால் குடலிலேயே பிணைந்து வீணாகும். இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். படுக்கப் போகும்போது ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். நெஞ்சு எரிகிறது என்று நோயாளி தானே நிறுத்திவிடுவார். முழு டம்ளர் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் நிமிர்ந்த உட்காரல். வெயிலில் தோல் சிவக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். ரிஃபாம்பிசின் காலையில் வெறும் வயிற்றில். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று சொல்லாமல் விட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்துவார்கள். கருத்தடை மாத்திரை பலனிழக்கும். வலிப்பு மருந்துகளான ஃபெனிட்டாயின், கார்பமசெப்பின் சாப்பிடுபவரிடமும் டாக்சிசைக்ளின் அளவு குறையும். ஜென்டாமைசின் போடும் நாட்களில் வாரம் இரண்டு முறை சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பாருங்கள். தலைசுற்றலும் காது இரைச்சலும் உண்டா என்று தினமும் கேளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் நூற்றில் 5 முதல் 15 பேருக்கு நோய் திரும்பும், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள். அப்போதும் கிருமி பொதுவாக அதே மருந்துகளுக்குக் கட்டுப்படும். மீண்டும் அதே கூட்டை முழுக் காலத்துக்குக் கொடுக்கலாம். அதற்கு முன் மறைவான சீழோ, முதுகெலும்போ, வால்வோ இருக்கிறதா என்று தேடுங்கள். டைட்டர் எண்ணை (1:160 போன்ற எதிர்ப்பொருள் அளவு) துரத்தாதீர்கள். குணமானவரிடமும் அது மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கு மேலும் தங்கும், பி.சி.ஆரும் நெடுநாள் பாசிட்டிவாக நிற்கலாம். எம்.ஆர்.ஐ. மாற்றமும் உடல்நலத்துக்குப் பின்னாலேயே நடந்து வரும். அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு 1:160 என்ற தாளைக் காட்டி இன்னொரு ஆறு வாரம் மருந்து கொடுப்பதில் நியாயமில்லை. காய்ச்சல் திரும்பினால் கல்ச்சர் எடுங்கள், ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருள் ஏறுகிறதா என்று ஒப்பிடுங்கள். இரண்டாண்டுவரை அவ்வப்போது பார்த்துவருவது நல்லது.

ஆய்வகத்தில் கிருமியோடு பாதுகாப்பின்றித் தொடர்பு ஏற்பட்டவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் இருமுறை, ரிஃபாம்பிசின் 600 மில்லிகிராம் ஒருமுறை, 21 நாள். சீரம் சோதனை அன்றே ஒன்று, பிறகு 6, 12, 18, 24-ஆம் வாரங்களில். இந்த 24 வாரமும் தினம் வெப்பநிலை பார்க்க வேண்டும். விதிவிலக்கு ஆர்.பி.51 என்ற மாட்டுத் தடுப்பூசிக் கிருமி. ஊசி கையில் குத்திக்கொண்ட கால்நடை மருத்துவர்களுக்கும், 2017-ல் அமெரிக்காவில் காய்ச்சாத பால் குடித்த சிலருக்கும் இது நோயைத் தந்திருக்கிறது. இதற்கு ரிஃபாம்பிசின் வேலை செய்யாது, வழக்கமான சீரம் சோதனைகளில் அகப்படவும் அகப்படாது. இவர்களுக்கு டாக்சிசைக்ளினோடு கோட்ரைமாக்சசோலைச் சேர்க்க வேண்டும். காய்ச்சல் வந்தால் சீரம் நெகட்டிவ் என்று விட்டுவிடாமல் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். ஆட்டுக்குப் போடும் ரெவ்.1 தடுப்பூசிக் கிருமிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் எடுபடாது. ஆகவே ஊசி குத்தியது என்று ஒருவர் வந்து நின்றால், எந்தத் தடுப்பூசி என்று குப்பியின் பெயரைக் கேட்டுக் குறித்த பிறகே மருந்துச் சீட்டு எழுதுங்கள்.